சிரித்தால் மட்டும் போதுமா?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். அடுப்படி வேலையெல்லாம் ஒழிந்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மருமகள் வந்து நின்றாள். இடுப்பில் மூன்று வயசுப் பையன், கையில் ஒரு காகிதம்.

"அக்கா, வேலை கிடைச்சிருக்குக்கா. கும்பகோணத்துல ஒரு ஆஸ்பத்திரியில. பி.ஆர்.ஓ.ன்னு போட்டிருக்காங்க. நீங்க அந்த வேலைதானே பார்த்தீங்க? அதுல என்னாக்கா செய்யணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பின்னாலேயே வந்துவிட்டார்.

"சிரிச்சுப் பேசற வேலையாம்மா! வேத்து ஆளுங்ககிட்ட சிரிச்சுப் பேசறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாம். இந்த மீன்சுருட்டியில நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பி.காம். படித்த பெண். புருஷன் சிங்கப்பூரில். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவளுக்கென்று ஒரு கடிதம் தபாலில் வந்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் இதே ஊரிலிருந்து அணைக்கரை வழியாகப் பஸ்ஸில் போய்வந்து, பதினான்கு வருஷம் ஒரு மருத்துவமனையின் முகப்பு மேஜையில் உட்கார்ந்தவள்தான். சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்: சிரித்த முகமாக இருந்தால் போதும், இந்த வேலைக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நினைப்பை உடைத்தவர் ஒரு பெரியவர். அவரை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நான் சொன்ன ஒரு வார்த்தை

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கிராமத்துப் பெரியவர் தம் மனைவியை அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாளுக்குக் காய்ச்சல், மூச்சு வாங்கியது. அட்மிஷன் போட்டார்கள். பெரியவர் என் மேஜைக்கு வந்து, "பாப்பா, எத்தனை நாளு ஆவும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. டாக்டரையும் கேட்கவில்லை, நர்ஸையும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஒண்ணும் இல்லீங்கய்யா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். கவலைப்படாதீங்க!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நல்ல காரியம் செய்ததாக எனக்குப் பெருமை வேறு!

அவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் பில் கட்ட வந்தார். மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பணம் கொண்டு வந்திருந்தார். என்னைத் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. "நீதானே பாப்பா ரெண்டு நாளுன்னு சொன்னே? முன்னாடியே சொல்லியிருந்தா, மாட்டை நல்ல விலைக்குக் குடுத்துட்டு வந்திருப்பேன். அவசரத்துல கொறைச்ச விலைக்குக் கேட்டாங்க, மனசு வரலை" என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு நான் கொடுத்தது ஆறுதல் என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் கையில் இல்லாத ஒன்றை அல்லவா அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்! அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் எழுதினேன்: "தெரியாததைச் சொல்லாதே. கேட்டுச் சொல்."

பந்தி விசாரிக்கிறோமே, அதுதான்!

மக்கள் தொடர்பு என்றதும் ஏதோ சீமையிலிருந்து வந்த வித்தை என்று பயப்படாதீர்கள் சகோதரிகளே. நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறோம் இல்லையா? யார் இலையில் ரசம் விழவில்லை, எந்தப் பாட்டிக்குப் பல் இல்லாமல் வடையை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறார், எந்தச் சம்பந்தி வீட்டுக்காரர் முகம் சுண்டியிருக்கிறது... கண் பார்த்ததும் கை ஓடுகிறதே, அந்த வேலைதான் இது. மொய் நோட்டில் பேர், ஊர், தொகை தவறாமல் எழுதி, நாலு வருஷம் கழித்து மறக்காமல் திருப்பிச் செய்கிறோமே, அதுவும் இந்த வேலைதான்.

ஆனால், பந்தியில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? பாயசம் தீர்ந்துபோனால், "இதோ வருது, இதோ வருது" என்று சொல்லிக்கொண்டே இருப்பவளைவிட, "பாயசம் தீர்ந்துடுச்சு பெரியம்மா, மன்னிச்சுக்குங்க. ஒரு டம்ளர் மோர் தரட்டுமா?" என்கிறவளிடம்தான் யாருக்கும் கோபம் வராது.

உலகத்தில் இந்தத் தொழிலை முறைப்படுத்தியவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் ஐவி லீ என்ற பத்திரிகைக்காரர் 1906-ல் இந்தத் தொழிலுக்கென்று சில கொள்கைகளை வெளியிட்டார். மறைவாக எதுவும் செய்வதில்லை, சரியான தகவலைத் தருவது என்பதுதான் அவற்றின் சாரம். நம் நாட்டில் இந்தியப் பொதுமக்கள் தொடர்புச் சங்கம் 1958-ல் தொடங்கியது. 1968 ஏப்ரல் 21-ம் தேதி டெல்லியில் நடந்த அதன் முதல் அகில இந்திய மாநாட்டில் தொழில் நெறிமுறையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளைத்தான் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

டானிக் பாட்டில் சொல்லும் கதை

உங்கள் வீட்டு மருந்து அலமாரியில் புதிதாக வாங்கிய டானிக் பாட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மூடியைத் திருகினால் வளையம் 'டிக்'கென்று அறுபடும். சில பாட்டில்களில் மூடிக்குக் கீழே ஒரு காகிதத் தகடும் ஒட்டியிருக்கும். இப்படி ஒரு காப்பு மருந்துக்கு அவசியம் என்று உலகத்துக்கு உணர்த்தியது ஒரு சோகம்.

1982-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவின் சிகாகோ நகரப் பக்கம் ஏழு பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். எல்லோரும் டைலனால் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால்தான் அது. கடையில் அடுக்கி வைத்திருந்த குப்பிகளைத் திறந்து யாரோ ஒரு பாவி சயனைடு விஷத்தைக் கலந்திருக்கிறான்! கலந்தவன் யாரென்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

தவறு கம்பெனியின் மேல் இல்லை. "எங்களுக்குத் தெரியாது" என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், "எங்கள் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள்" என்று தானே பத்திரிகையிலும் டி.வி.யிலும் எச்சரித்தது. நாடு முழுவதும் கடைகளிலிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. சில வாரங்களில், யாராவது திறந்திருந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மூன்று முத்திரைகளுடன் புதுக் குப்பியைக் கொண்டுவந்தது. ஜனங்கள் மறுபடி நம்பி வாங்கினார்கள். மக்கள் தொடர்புப் பாடம் நடக்கிற இடங்களில் எல்லாம் இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அதே நிறுவனம் பிற்பாடு, குழந்தைகளுக்கான டால்கம் பவுடர் விஷயத்தில் ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. அந்தப் பவுடர் விற்பனையை உலகம் முழுவதும் 2023-ல் நிறுத்திக்கொண்டது. ஒரு தடவை சம்பாதித்த நல்ல பேர் ஆயுசுக்கும் காப்பாற்றாது என்பதற்கும் அதுவே உதாரணம். தினம் தினம் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது, நம் வீட்டுப் பாலைத் தினமும் காய்ச்சுகிற மாதிரி!

பையோடு வரும் பெண்

அமெரிக்கா வரை எதற்கு? நம் தெருவுக்கே வருகிறாரே ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி! தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படி வீடு வீடாக வருகிற பெண் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலக் குடும்பப் பெண்கள்தான். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார், நான் சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் தோளில் பை மாட்டிக்கொண்டு வருகிற அந்தப் பெண் சொன்னால் மட்டும் கேட்பார். ஏன் என்று ஒரு நாள் ஒளிந்திருந்து பார்த்தேன். அந்தப் பெண் ஒன்றும் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தாள். "போன தடவை கால் எரியுதுன்னு சொன்னீங்களே ஆயா, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். என் மாமியார் கால் மணி நேரம் பேசினார், அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

என்ன சகோதரிகளே, விஷயம் புரிகிறதா? போன தடவை சொன்னதை நினைவு வைத்துக் கேட்டாள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்கு ஆயிரம் சிரிப்பு ஈடாகுமா?

நோட்டில் எழுதிக் கொடுத்தவை

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, என் பழைய நோட்டிலிருந்து சிலவற்றைக் குறித்துக் கொடுத்தேன். கடையோ, பாங்க்கோ, பள்ளிக்கூட ஆபீஸோ, எங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது ஆகும்.

1. வந்தவர் முழுசாகப் பேசி முடிக்கட்டும். பிறகு, "நீங்க சொல்றது இதுதானே?" என்று திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

2. "தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்பது வெட்கமில்லை. ஆனால் கேட்டு வந்து கட்டாயம் சொல்ல வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், இன்னும் கிடைக்கவில்லை என்பதையாவது சொல்லுங்கள்.

3. எழுதி வையுங்கள்: தேதி, வந்தவர் பேர், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். பின்னால் பழி வந்தால் இந்த நாலு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

4. கெட்ட செய்தியை நிற்க வைத்துச் சொல்லாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், நீங்களும் உட்காருங்கள். சுற்றி வளைக்காமல், மெதுவாக, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

5. இதுதான் நம் பக்கத்து ஊர்களில் ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் நமக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். யாருக்கு என்ன டெஸ்ட், யார் பெண் எதற்காக வந்தாள் என்பதெல்லாம் மேஜையோடு போக வேண்டும். பஸ்ஸில் பேசக் கூடாது, வீட்டில் பேசக் கூடாது. செல்போனில் படம் பிடித்து அனுப்பவே கூடாது. ஒரு பெண்ணின் வாழ்க்கையே போய்விடும்!

6. கோபமாக வந்தவரிடம் பதிலுக்குக் கோபப்படாதீர்கள். ஆனால் அவமரியாதையைச் சகித்துக்கொள்வதும் உங்கள் வேலை இல்லை. "மேலாளரைக் கூப்பிடறேன்" என்று எழுந்துவிடுங்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

ஊரையெல்லாம் விசாரிக்கிறவள் தன்னை விசாரித்துக்கொள்ள மாட்டாள், அதுதான் நம் பெண்களின் குறை. நான் வேலை பார்த்த இடத்தில் ஆரம்பத்தில் எங்களுக்கு நாற்காலியே கிடையாது. நின்றால்தான் மரியாதையாம்! சாயங்காலம் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. பாத்ரூம் தள்ளி இருந்ததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். நீர்க்கடுப்பு வந்து ஒரு வாரம் படுத்ததுதான் மிச்சம்.

தமிழ்நாட்டில் கடைகள், வணிக நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை குதிகாலைப் பத்து முறை உயர்த்தி இறக்குங்கள். ராத்திரி படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக் கால் மணி நேரம் உயர்த்தி வையுங்கள். காலை ஆகாரத்தைத் தவிர்க்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் உங்களோடு வரட்டும். சிறுநீரை அடக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பணியிடத்தில் யாராவது தப்பாக நடந்தால் 2013-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒரு பெண்ணின் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். அவசர உதவிக்கு 181 எண்ணும் இருக்கிறது. அடுத்தது பேறுகால விடுப்பு. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். முன்பு 12 வாரமாக இருந்ததை 2017-ல் உயர்த்தினார்கள். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 2024 நவம்பரில் ஒரு தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இனி நம் பக்கத்துப் பெண்கள் இன்னும் அதிகமாக வேலைக்குப் போவார்கள். போவதற்கு முன்னால் இந்த உரிமைகள் தெரிந்திருப்பது நல்லது இல்லையா?

மாமியார் சொன்னது வேறு, நினைத்தது வேறு

சரி, எதிர்வீட்டுக்கு வருவோம். மருமகளுக்குச் சொல்லியாயிற்று. மாமியாருக்கு யார் சொல்வது? சாயங்காலம் விளக்கு வைத்ததும் நானே போனேன். சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். ஆனால் என் நோட்டின் முதல் விதி ஞாபகம் வந்தது. பேசாமல் உட்கார்ந்து, "உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க அத்தே" என்றேன்.

சிரிப்பு, சம்பளம், ஊர்ப் பேச்சு எல்லாம் வந்தது. நான் குறுக்கிடவில்லை. கடைசியில் குரல் தழுதழுத்தது. "போன ஐப்பசியில புள்ளைக்குக் காய்ச்சல் வந்து கையும் காலும் வெட்டி இழுத்துடுச்சும்மா. அவதான் தூக்கிக்கிட்டு ஓடுனா. அவ கும்பகோணத்துல இருக்கறப்ப அப்படி வந்துச்சுன்னா, நான் ஒத்தக் கெழவி என்ன பண்ணுவேன்?"

பாருங்கள்! பேச்சு சிரிப்பைப் பற்றியதே அல்ல. மூன்று வாரமாக அந்த அம்மாள் இந்தப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வேறு எதையோ சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார்.

"ஒண்ணும் வராது அத்தே" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஒரு முறை ஏமாந்தது போதாதா? காகிதம் எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன். காய்ச்சலில் இழுப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்பு திணிப்பது, வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வைப்பது, கை காலை அமுக்கிப் பிடிப்பது எதுவும் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் உடனே 108. சீக்கிரம் நின்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அடியில் மருமகளின் எண், என் எண், எங்கள் தெருவில் ஆட்டோ வைத்திருப்பவரின் எண். கேலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"பகல்ல நான் வீட்லதான் இருப்பேன். ஒரு குரல் குடுங்க, ஓடி வர்றேன். ரெண்டாம் சனிக்கிழமை மட்டும் எங்கம்மாவைப் பார்க்கப் போயிடுவேன். அன்னிக்கு ஆட்டோக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைப்போம்" என்றேன். இல்லாத நாளையும் சேர்த்துச் சொன்னதால்தானோ என்னவோ, அத்தை நம்பினார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். அத்தைதான் டிபன் கட்டிக் கொடுத்தார். பையன் அழுதான். அவளும் கொஞ்சம் அழுதாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுவேன்டா" என்று சொல்ல ஆரம்பித்தவள், என்னைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டாள். "பஸ் கிடைச்சதும் ஆயாவுக்குப் போன் பண்றேன்டா கண்ணு."

அன்றைக்கு அவள் வர ஏழேகால் ஆயிற்று. ஆனால் ஐந்தே முக்காலுக்கே அத்தை வீட்டில் போன் மணி அடித்துவிட்டது.